ஃபர்ம்வேர் ஏற்றினால் மாடலரின் சக்தி கூடுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதம் இது: எச்எக்ஸ் ஸ்டாம்ப் ஒன்றை, அதாவது கிட்டார் ஆம்ப்பையும் எஃபெக்ட் பெடல்களையும் மென்பொருளால் போலச் செய்யும் மாடலர் பெட்டி ஒன்றை, செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறீர்கள். அதில் ஆறு பிளாக்தான் (ஆம்ப், டிலே என ஒவ்வொன்றும் ஒரு பிளாக்) போட முடிகிறது, நண்பரிடம் இருக்கும் அதே பெட்டியில் எட்டு போகிறது. அவருடையதில் பாலி கேபோ (கிட்டாரின் சுருதியை மென்பொருளாலேயே ஏற்றி இறக்கும் எஃபெக்ட்) இருக்கிறது, உங்களுடையதில் இல்லை. ஆறும் நிரம்புவதற்கு முன்பே சில ஆம்ப், ரிவெர்ப் பெயர்கள் மங்கிப்போய், தேர்ந்தெடுக்க முடியாமல் நிற்கின்றன. ஃபர்ம்வேரை, அதாவது பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளை, அப்டேட் செய்தால் இந்த மூன்றும் தீருமா, அல்லது பேசாமல் ஸ்டாம்ப்பின் பெரிய வடிவமான எக்ஸ்எல் வாங்கிவிடலாமா?

முதல் இரண்டும் தீரும். மூன்றாவது தீராது. சொல்லப்போனால் எட்டு பிளாக் கிடைத்தபின் அந்த மங்கல் இன்னும் அடிக்கடி கண்ணில் படும். எக்ஸ்எல் வாங்கினாலும் அது அப்படியேதான் இருக்கும். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதைப் புரிந்துகொள்ளாமல் அடுத்தடுத்து பெட்டி மாற்றிப் பணத்தை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பெட்டியில் இருப்பது இரண்டு வேறு வேறு எல்லைகள். ஒன்று எண்ணிக்கை: ஒரு பிரிசெட்டில், அதாவது சேமித்து வைத்த ஒரு ஒலி அமைப்பில், இத்தனை பிளாக்தான் என்று மென்பொருளில் எழுதிவைத்த விதி. 2018-ல் லைன் 6 கம்பெனி இந்தப் பெடலை வெளியிட்டபோது அந்த விதி ஆறு என்றது. 2020 நவம்பரில் வந்த 3.0 ஃபர்ம்வேர் அதை எட்டாக்கியது. பாலி கேபோ உள்ளிட்ட பாலி வகைகளும் அதே 3.0-ல் வந்தவைதான். ஆகவே உங்களிடம் இருப்பது 2-ல் தொடங்கும் ஏதோ ஒரு பதிப்பு. அந்த அப்டேட்டில் பெட்டிக்குள் ஒரு கம்பிகூட மாறவில்லை, விதி மட்டுமே தளர்ந்தது.

இன்னொரு எல்லை டிஎஸ்பி, அதாவது ஒலியைக் கணக்குப் போடும் சிப்பின் வேகம். இதை எந்த அப்டேட்டும் கூட்டாது. அதே கம்பெனியின் பெரிய மாடலரான ஹீலிக்ஸில் இப்படிப்பட்ட சிப் இரண்டு, ஸ்டாம்ப்பில் ஒன்று. ஒரு ஆம்ப் மாடல் இரண்டிலும் ஒரே ஆம்ப்தான், ஒலியில் வித்தியாசம் கிடையாது. எத்தனை மாடலை ஒன்றாக ஓட்டலாம் என்பதில்தான் வித்தியாசம்.

கணக்கைப் பார்த்தால் நிலைமை தெளிவாகும். ஹீலிக்ஸ் குடும்பம் நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியை ஒருமுறை அளந்தெடுப்பது ஒரு சாம்பிள்) என்ற விகிதத்தில் ஓடுகிறது. ஒரு சாம்பிளுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 20.8 மைக்ரோ நொடி. 450 மெகாஹெர்ட்ஸில் ஓடும், ஷார்க் என்ற வகை டிஎஸ்பி சிப் ஒன்றை எடுத்துக்கொண்டால், அந்த இடைவெளியில் அதற்குக் கிடைப்பது 9,375 துடிப்புகள். டிரைவ், ஆம்ப், கேப் (ஸ்பீக்கர் பெட்டி), டிலே, ரிவெர்ப் என உங்கள் பிரிசெட்டில் உள்ள எல்லாமும் அந்த 9,375-ஐப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். முடியாவிட்டால் ஒலியில் ஓட்டை விழும்.

இதில் ஆம்ப்தான் பெரிய பங்கைக் கேட்கிறது. சாதாரண டோன் கன்ட்ரோல் ஒன்றுக்குச் சில பெருக்கல், சில கூட்டல் போதும். ஆனால் குழாய் ஆம்ப்பில் ஒலி நசுங்கும் ஒவ்வொரு இடத்திலும் புதிய ஹார்மானிக்குகள் பிறக்கின்றன. அவற்றில் 24,000 ஹெர்ட்ஸைத் தாண்டுபவை 48,000 சாம்பிளுக்குள் அடங்காமல் மடங்கித் திரும்பி, நீங்கள் வாசிக்கும் ஸ்வரத்தோடு ஒட்டாத ஒரு கரகரப்பாகக் கேட்கும். மேல் ஃப்ரெட்டில் ஒரு பெண்ட் எடுக்கும்போது பின்னால் ஏதோ கீழ்நோக்கி ஊளையிடுவதுபோல் கேட்கிறதே, அது இதுதான். அதைத் தடுக்க அந்தப் பகுதியை மட்டும் நான்கு மடங்கோ எட்டு மடங்கோ வேகத்தில் கணக்கிட வேண்டும். எட்டு மடங்கு என்றால் நொடிக்கு 3,84,000 முறை. அப்போது ஒரு முறைக்குக் கிடைப்பது 1,172 துடிப்புகூட இல்லை. ப்ரீஆம்ப்பின் பல நிலைகள், பவர் ஆம்ப், மின்னழுத்தம் தளரும்போது வரும் தொய்வு, வெளியீட்டிலிருந்து திரும்பி உள்ளே வரும் ஃபீட்பேக் என எல்லாம் அதற்குள் முடிந்தாக வேண்டும். நல்ல ஆம்ப் மாடல் ஏன் இவ்வளவு இடம் கேட்கிறது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

ஐஆர் (ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையைப் பதிவு செய்த கோப்பு) எளிய கணக்கு, ஆனால் நீளமான கணக்கு. 2,048 சாம்பிள் நீளமுள்ள ஒரு ஐஆரை நேரடியாகப் போட்டால் நொடிக்கு 9.8 கோடி பெருக்கல். அதையே 1,024-ஆகக் குறைத்தால் பாதி. மேடையில், டிரம்ஸும் பேஸும் ஓடும்போது, இந்த இரண்டுக்கும் வித்தியாசம் சொல்பவரை நான் பார்த்ததில்லை. பாலி கேபோ வேறு வகை. ஆறு கம்பியும் ஒன்றாக ஒலிக்கும் கார்டை அப்படியே எடுத்துச் சுருதி மாற்றித் தருவது மிகக் கடினமான வேலை. பாடகர் கடைசி நிமிடத்தில் "அரைக் கட்டை இறக்கிக்கலாம்" என்று சொல்லும்போது அதன் அருமை தெரியும். அது உட்கார்ந்தால் மற்றவர்களுக்கு மிஞ்சும் இடம் சட்டென்று சுருங்கிவிடும்.

"லேப்டாப்பில் பிளகின் எத்தனை போட்டாலும் ஓடுகிறதே" என்று நீங்கள் கேட்கலாம். லேப்டாப்பில் சுமை கூடினால் பஃபரைக் கூட்டிக்கொள்கிறோம், அதாவது தாமதத்தை விலையாகக் கொடுக்கிறோம். மேடையில் அந்த வசதி இல்லை. ஒரு மில்லி நொடி தாமதம் என்பது ஸ்பீக்கரிலிருந்து 34 சென்டிமீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். பத்து மில்லி நொடி என்றால் மூன்றரை மீட்டர். இயர் மானிட்டர் வைத்து வாசிப்பவருக்கு அது விரலிலேயே தெரியும். அதனால் மாடலரில் தாமதம் சிறியதாகவும் மாறாததாகவும் இருக்க வேண்டும், வேலை ஒவ்வொரு முறையும் தவறாமல் முடிய வேண்டும். இதற்காகத்தான் லைன் 6 ஒவ்வொரு மாடலுக்கும் அதன் உச்சபட்சச் செலவை முன்கூட்டியே ஒதுக்கிவைக்கிறது. ஒதுக்க இடமில்லாத மாடல் மங்கிவிடுகிறது. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மங்கல் ஒரு வாக்குறுதி: பிரிசெட்டுக்குள் ஒன்றை வைக்க விட்டுவிட்டார்கள் என்றால், கச்சேரி நடுவில் அது திக்காது.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு இடம் இங்கே இருக்கிறது. ஒரு பிளாக்கை பைபாஸ் செய்தால் டிஎஸ்பி மிச்சமாகும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. அணைத்து வைத்த பிளாக்கும் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். காலால் மிதித்த கணத்தில் இடைவெளியில்லாமல் அது ஒலிக்க வேண்டும் அல்லவா? ஸ்நாப்ஷாட் (ஒரே பிரிசெட்டுக்குள் சேமித்த வேறு வேறு அளவுகள்) மாற்றும்போது ஒலி அறாததும், பிரிசெட் மாற்றும்போது ஒரு சிறு வெட்டு விழுவதும் இதனால்தான். முன்னதில் எல்லாம் ஏற்கெனவே ஏறி நிற்கின்றன. பின்னதில் சிப்பைக் காலி செய்து புதிதாக ஏற்ற வேண்டியிருக்கிறது. பெரிய ஹீலிக்ஸில் பிரிசெட் மாறும்போதும் டிலேயின் வால் தொடர்ந்து ஒலிக்கும் வசதியை ஒரு அப்டேட்டில் கொடுத்தார்கள். அதை இயக்கினால் இரண்டாவது பாதையை விட்டுக்கொடுக்க வேண்டும், கிட்டத்தட்ட பாதி டிஎஸ்பி போகும். ஃபர்ம்வேர் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் அது. இருக்கும் சக்தியை வேறு விதமாகச் செலவழிக்கும் வழியை அது திறந்துவிடும். செலவுக்கான பணம் பழைய பையிலிருந்துதான் வர வேண்டும்.

மற்ற கம்பெனிகள் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்திருக்கின்றன. 2011-ல் அறிமுகமான ஜெர்மனியின் கெம்பர் புரொஃபைலரில் இடங்கள் நிலையானவை: ஆம்ப்புக்கு முன்னால் நான்கு, பின்னால் நான்கு. ஒவ்வொரு இடத்துக்கும் முன்பே பங்கு பிரித்து வைத்திருப்பதால் அங்கே எதுவும் மங்குவதில்லை, டிஎஸ்பி என்ற சொல்லே வாசிப்பவர் காதில் விழுவதில்லை. அந்தப் பழைய பெட்டிக்கு 2023-ல்கூட லிக்விட் புரொஃபைலிங் என்ற பெரிய மாற்றம் இலவச அப்டேட்டாக வந்தது. ஒரு சிப்பை இவ்வளவு காலம் மதித்துப் பயன்படுத்திய இன்னொரு உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அதற்குக் கொடுத்த விலை: நீங்கள் நான்கே எஃபெக்ட் போட்டாலும், மிச்சமிருக்கும் சக்தியை ஓரிடத்தில் கொட்டி இரண்டு ஆம்ப் ஓட்ட முடியாது.

ஃப்ராக்டல் ஆடியோ மூன்றாவது வழியில் போனது. அதன் மாடலர்களான ஆக்ஸ்-எஃப்எக்ஸ் 2-லும் 3-லும் இரண்டு சிப்கள். ஒன்று ஆம்ப்புக்கு மட்டும், மற்றது மீதி எல்லாவற்றுக்கும். திரையில் சதவீத மீட்டர் ஓடும், எவ்வளவு செலவாகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். 2021-ல் சிக்னஸ் என்ற புதிய ஆம்ப் மாடலிங் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் 3-க்கு வந்தபோது, ஆம்ப்புக்கென்று தனிச் சிப் இருந்ததால் ரிவெர்ப்பின் இடத்தில் கை வைக்காமல் அதைக் கொடுக்க முடிந்தது. பின்னர் சின்ன எஃப்எம்3-க்கும் அதைக் கொண்டுபோனார்கள். அதில் ஒரே ஒரு ஆம்ப் பிளாக்தான், அதுவும் இதே கணக்கினால்தான். ஆக்ஸ்-எஃப்எக்ஸ் 3-ன் டர்போ என்ற ரகம் 25 சதவீதம் வேகம் கூடியது. ஆனால் அந்த வேகம் வேறு சிப்போடு, வேறு விலையோடு வந்தது, டவுன்லோடாக வரவில்லை.

இனி நான் மிகவும் முக்கியம் என்று நினைக்கும் விஷயம். ஃபர்ம்வேர் எழுதுபவர்களின் கையை உண்மையில் கட்டிப்போடுவது சிப் மட்டும் அல்ல, உங்களுடைய பழைய பிரிசெட்டும்தான். யாரோ ஒருவர் டிஎஸ்பியைக் கடைசித் துளிவரை நிரப்பி ஒரு பிரிசெட் வைத்திருப்பார். ஒரு ஆம்ப்பை மேம்படுத்துகிறேன் என்று அதன் செலவை ஐந்து சதவீதம் ஏற்றினால், அடுத்த நாள் அவருடைய பிரிசெட் திறக்காது. ஆகவே வெளிவந்துவிட்ட மாடலைக் கனமாக்க முடியாது. புதுமை செய்ய வேண்டுமென்றால் புதிய பெயரில், பழையதன் பக்கத்தில் வைக்க வேண்டும். 2022-ல் வந்த 3.5 ஃபர்ம்வேரில் கேப் பகுதியை முழுவதும் புதிதாக எழுதினார்கள், மைக்கை நகர்த்தி வைக்கும் வசதியோடு. ஆனாலும் பழைய கேப்கள் "லெகஸி" என்ற பிரிவில் அப்படியே இருக்கின்றன, பழைய பிரிசெட்டின் ஒலி மாறவில்லை. இந்தக் கட்டுப்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். ஒரு ஆல்பத்துக்காக மூன்று மாதம் செதுக்கிய ஒலி, ஒரு அப்டேட்டில் கேட்காமல் கொள்ளாமல் மாறிவிடக் கூடாது. ஆனால் இதே கட்டுப்பாட்டால்தான் ஒரு கட்டத்தில் புதிய பெட்டி தவிர்க்க முடியாததாகிறது. 2025-ல் அறிவிக்கப்பட்ட ஹீலிக்ஸ் ஸ்டேடியத்தில் அகோரா என்ற புதிய ஆம்ப் மாடலிங் வந்தது அப்படித்தான்.

ஸ்டாம்ப்புக்கு நியூரல் கேப்சர் (உண்மையான ஆம்ப்பின் ஒலியைக் கற்றுக்கொண்டு நகலெடுக்கும் முறை) அப்டேட்டாக வருமா என்ற எதிர்பார்ப்பும் பலரிடம் இருக்கிறது. இதையும் கணக்காகவே பாருங்கள். ஸ்டீவன் அட்கின்சன் உருவாக்கி இலவசமாகத் திறந்துவைத்த நியூரல் ஆம்ப் மாடலரின் வழக்கமான அளவு மாடலில் 13,000-க்கும் மேற்பட்ட எண்கள் இருக்கின்றன. ஒவ்வொரு சாம்பிளுக்கும் எல்லா எண்களும் ஒருமுறையாவது பெருக்கப்பட வேண்டும் என்று வைத்தால் நொடிக்கு 62 கோடிக்கு மேல். துடிப்புக்கு இரண்டு பெருக்கல் என்று தாராளமாகக் கொடுத்தாலும் 450 மெகாஹெர்ட்ஸ் ஷார்க் செய்யக்கூடியது நொடிக்கு 90 கோடி. அதுவும் வேறு எந்த வேலையும் இல்லாமல், ஒரு துடிப்பும் வீணாகாமல் ஓடினால். ஒரே ஒரு ஆம்ப்புக்கு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போனால் மீதி எஃபெக்ட்டை எங்கே வைப்பது? இதற்காகக் காத்திருக்காதீர்கள்.

எக்ஸ்எல் பற்றி ஒரே வரி போதும்: அதில் கூடுதலாக இருப்பது ஃபுட்ஸ்விட்ச், டிஎஸ்பி அதேதான். காலுக்கு இடம் போதவில்லை என்றால் வாங்குங்கள். மங்கல் போக வேண்டுமென்றால் இரண்டு சிப் உள்ள ஹீலிக்ஸ் எல்டியோ ஃப்ளோரோ பக்கம் பாருங்கள்.

அப்டேட் செய்யும்போது கவனிக்க வேண்டியது. முதலில் புதிய எச்எக்ஸ் எடிட்டைக் கணினியில் நிறுவுங்கள். எடிட்டரின் பதிப்பும் பெடலின் பதிப்பும் பொருந்தாவிட்டால் இரண்டும் சரியாகச் சேர்ந்து வேலை செய்யாது. பேக்கப் எடுங்கள். ஐஆர்களையும் குளோபல் செட்டிங்கையும் சேர்த்து எடுத்தால்தான் அது பேக்கப். யுஎஸ்பி ஹப் வழியாக வேண்டாம், கேபிளை நேராகச் செருகுங்கள். அடுத்தது நம் ஊருக்கே உரியது: லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, பெடலுக்குக் கிடையாது. ஃபர்ம்வேர் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பெடல் பாதி எழுதிய நிலையில் நின்றுவிடும். யுபிஎஸ் இருக்கும் பிளக்கில் போடுங்கள். முடிந்து மீண்டும் தொடங்கும்போது பிரிசெட்களை ஒவ்வொன்றாகத் திருத்தி எழுதிக்கொள்ளும். சில நிமிடம் ஆகும், தொங்கிவிட்டது என்று நினைத்து வயரைப் பிடுங்காதீர்கள். உங்களுடையது மிகப் பழைய பதிப்பிலிருந்து தாவுவதால், அதன்பின் ஒரு ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டுப் பேக்கப்பைத் திரும்ப ஏற்றுவது நல்லது.

கச்சேரிக்கு முந்தின நாள் மட்டும் செய்யாதீர்கள். பல வருடம் முன்பு, வேறொரு பெடல் வைத்திருந்த காலத்தில், ஒரு கல்யாண ரிசப்ஷன் அன்று காலை அப்டேட் போட்டேன். எல்லாம் சரியாக முடிந்ததுபோல்தான் தெரிந்தது. மாலை சவுண்ட் செக்கில்தான் கவனித்தேன், அவுட்புட் அளவு குளோபல் செட்டிங்கில் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது. மிக்ஸரில் உட்கார்ந்திருந்த அண்ணன் பொறுமையாக இருந்ததால் தப்பித்தேன். அன்றிலிருந்து அப்டேட்டுக்குப் பிறகு குறைந்தது இரண்டு ரிகர்சலாவது வாசித்த பிறகுதான் மேடைக்கு எடுத்துப் போகிறேன்.

இப்போது நீங்கள் எழுதியிருந்த பிரிசெட்டுக்கு வருவோம்: பாலி கேபோ, சுத்தமான ஒலிக்கு ஒரு ஆம்ப், டிஸ்டார்ஷனுக்கு இன்னொரு ஆம்ப், இரண்டு கேப், டிலே, பெரிய ரிவெர்ப். ஒரு சிப்பில் இது போகாது. இரண்டு ஆம்ப்பில் ஒன்றை எடுங்கள். ஓரளவு உடையத் தொடங்கும் ஒரு ஆம்ப்பை வைத்து, முன்னால் ஒரு டிரைவ் பெடல் மாடலைப் போட்டு, ஸ்டாம்ப்பில் உள்ள மூன்று ஸ்நாப்ஷாட்டிலும் ஆம்ப்பின் டிரைவ், சேனல் வால்யூம் அளவுகளைத் தனித்தனியாகச் சேமியுங்கள். சுத்தம், நடுத்தரம், லீட் மூன்றும் கிடைக்கும். ஆம்ப் ஒன்றானதும் கேப்பும் ஒன்றாகிவிடும். ஐஆர் போடுவதாக இருந்தால் 1,024. டிலேயை மோனோவில் வையுங்கள், ஸ்டீரியோ ரகம் அதிகம் கேட்கும். நீங்கள் மிக்ஸருக்கு ஒரே கேபிள்தான் கொடுக்கிறீர்கள் என்றால் ஸ்டீரியோவில் எந்த லாபமும் இல்லை. நாய்ஸ் கேட்டுக்குத் தனி பிளாக் வேண்டாம், இன்புட் பிளாக்கிலேயே ஒன்று இருக்கிறது.

பாலி கேபோவைச் சங்கிலியில் முதலிலேயே வையுங்கள். டிரைவுக்குப் பின்னால் வைத்தால் கார்டுகளைப் பிரித்தறியத் திணறும். அதற்கென்று ஒரு சிறு தாமதமும் உண்டு, வேகமான ரிதம் வாசிக்கும்போது அது உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். நிகழ்ச்சி முழுவதும் அரைக் கட்டை இறக்கித்தான் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் கம்பியையே இறக்கி டியூன் செய்துவிட்டு அந்த பிளாக்கை எடுத்துவிடுங்கள். பிரிசெட்டிலேயே விலை உயர்ந்த இடம் அதுதான், அது காலியானால் நீங்கள் ஆசைப்பட்ட பெரிய ரிவெர்ப் தாராளமாக உள்ளே வரும். இல்லை, பாடலுக்குப் பாடல் சுருதி மாறும் என்றால் கேபோவை வைத்துக்கொண்டு ரிவெர்ப்பை வெளியே அனுப்புங்கள். எஃப்எக்ஸ் லூப் பிளாக் ஒன்று போட்டு, சென்ட், ரிட்டர்னில் உங்களிடம் சும்மா கிடக்கும் ஏதாவது ஒரு ரிவெர்ப் பெடலை இணைத்தால் போதும். அந்த பிளாக் டிஎஸ்பியில் கிட்டத்தட்ட எதுவும் கேட்பதில்லை.

இதைப் போட்டுப் பார்த்துவிட்டு எந்த இடத்தில் மங்குகிறது என்று எழுதுங்கள். எந்த ஆம்ப், எந்த ரிவெர்ப் என்று பெயரோடு சொன்னால், அதற்குப் பதிலாகக் குறைந்த செலவில் என்ன வைக்கலாம் என்று பார்ப்போம்.